இரும்பின் கார்பன் பசி: ஸ்டீல் மேல் வைரம் வளர்ப்பது ஏன் இவ்வளவு பாடு?

ஓசூரில் நான் வேலை பார்க்கும் டூல் ரூமுக்குப் போன வருடம் ஒரு பையன் அப்ரண்டிஸாக வந்தான். காவேரிப்பட்டினத்துக்காரன், ஐடிஐ முடித்தவன், அப்பா கொத்தனார். வந்த இரண்டாவது வாரமே ஆன்லைனில் வாங்கிய ஒரு டிரில் பிட்டைக் கொண்டுவந்து பெருமையாகக் காட்டினான். முனை குழாய் மாதிரி உள்ளே வெற்றாக இருந்தது, விளிம்பில் சர்க்கரை ஒட்டியது போல மினுமினுப்பு. அட்டையில் 'வைரப் பூச்சு' என்று போட்டிருந்தது. மதியச் சாப்பாட்டு நேரத்தில் ஒரு ஈஎன்8 ஸ்டீல் துண்டை வைஸில் கட்டி அதில் ஓட்டிப் பார்த்தான். கீச்சென்று ஒரு சத்தம், கொஞ்சம் புகை. ஸ்டீலில் ஒரு வட்டக் கீறல் விழுந்தது, அவ்வளவுதான். பிட் முனை கருத்துப் போயிருந்தது.

"வைரம்தானேண்ணா இருக்கிறதுலயே கெட்டி? அது எப்படிண்ணா இரும்புகிட்ட தோத்துச்சு?"

நல்ல கேள்வி. எங்கள் ஷாப்பில் பதினைந்து வருட அனுபவம் உள்ளவர்களும் இதை யோசிப்பதில்லை. அலுமினியம் கடைய வேண்டுமா, வைரத் துகள்களை அழுத்திச் செய்த பிசிடி இன்சர்ட்டை (வெட்டும் முனை) எடு. கடினப்படுத்திய ஸ்டீலா, போரானும் நைட்ரஜனும் சேர்ந்த சிபிஎன் எடு. இது வாய்ப்பாடு மாதிரி எல்லோருக்கும் மனப்பாடம். சிபிஎன் வைரத்தை விடக் கடினம் குறைந்தது. இருந்தும் ஸ்டீலுக்கு அதுதான். ஏன் என்று கேட்டால் "வைரம் இரும்புக்கு ஆகாது" என்பார்கள். ஆகாது என்பது சரி. என்ன ஆகாது என்பதைத்தான் இங்கே சொல்லப் போகிறேன். அது புரிந்துவிட்டால், ஸ்டீல் மேல் வைரத்தை வளர்க்க ஆய்வுக்கூடங்களில் ஏன் நடுவில் இன்னொரு பூச்சைக் கொடுக்கிறார்கள் என்பதும் தானாகப் புரியும்.

ஆவாரங்குச்சியில் தொடங்குவோம்

வைரம் என்பது கார்பன். பென்சிலுக்குள் இருக்கும் கிராஃபைட்டும் கார்பன், அடுப்புக்கரியும் பெரும்பாலும் கார்பன். அணுக்கள் கை கோத்திருக்கும் விதம்தான் வேறு. வைரத்தில் ஒவ்வொரு அணுவும் நான்கு பக்கமும் நான்கு அணுக்களைக் கெட்டியாகப் பிடித்திருக்கும். கிராஃபைட்டில் மூன்றை மட்டும் பிடித்துத் தகடு தகடாக அடுக்கியிருக்கும். அந்தத் தகடுகள் வழுக்கிக்கொண்டு போவதால்தான் பென்சில் எழுதுகிறது.

இப்போது இரும்பின் பக்கம் வருவோம். இரும்புக்குக் கார்பன் என்றால் தீராத பசி. இதைத் தெரிந்துகொள்ள நம் ஊர்க்காரன் எங்கும் போக வேண்டியதில்லை. கிருஷ்ணகிரி மாவட்டத்து மயிலாடும்பாறையில் கிடைத்த இரும்பின் காலம் கி.மு. 2172 என்று 2022-இல் அறிவித்தார்கள். அதற்கு வெகு காலம் கழித்து, பழைய சேலம் வட்டாரத்தில் உருக்கு காய்ச்சினார்கள். (தர்மபுரி அந்தச் சேலத்திலிருந்து 1965-இல்தான் பிரிந்தது. கிருஷ்ணகிரி தர்மபுரியிலிருந்து 2004-இல்.) தேனிரும்புத் துண்டுகளை ஒரு களிமண் குப்பியில் போட்டு, கூடவே ஆவாரங்குச்சியும் பச்சை இலையும் வைத்து, வாயை மண்ணால் அடைத்து உலையில் ஏற்றுவார்கள். உள்ளே குச்சி கரியாகும். கரியை இரும்பு தின்னும். தின்றபின் அது மெத்தென்ற இரும்பு இல்லை, நூற்றுக்கு ஒன்றரைப் பங்கு அளவில் கார்பன் ஏறிய உருக்கு. வெள்ளைக்காரர்கள் 'வூட்ஸ்' என்று எழுதிவைத்தது இதைத்தான்.

சரி, குச்சிக்குப் பதில் வைரத்தை வைத்தால்? 1800-ஐ ஒட்டிய ஆண்டுகளில் பிரான்சில் அதையும் செய்தார்கள். வைரமும் கார்பன்தான் என்று காட்டுவதற்காக, இரும்புக்குள் வைரத்தை அடைத்துச் சூடேற்றினார்கள். வைரம் காணாமல் போனது, இரும்பு ஸ்டீலானது. ஆவாரங்குச்சியும் வைரமும் இரும்புக்கு ஒரே தீனிதான்.

பையனின் டிரில் பிட்டில் நடந்ததிலும் இதற்குப் பங்கு உண்டு. உரசலில் முனை சூடாகும். சூடான இரும்பு தொட்ட இடத்தில் வைரத்தின் மேலணுக்கள் கிராஃபைட்டாக மாறும், இரும்புக்குள் கரையும். வைரத்தை இரும்பு கீறித் தோற்கடிப்பதில்லை, மென்று தின்கிறது. கடினம் என்பது கீறலுக்கு எதிரான குணம். கரைவதற்கு எதிராக அது ஒன்றும் செய்யாது. கற்கண்டு கூடத்தான் கெட்டி, வாயில் போட்டால் என்ன ஆகிறது?

வாயுவிலிருந்து வைரம்

அடுத்து, வைரத்தை எப்படி 'வளர்க்கிறார்கள்' என்று கொஞ்சம் பார்க்க வேண்டும். 1954-இல் அமெரிக்காவின் ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனத்தில் முதலில் செய்து காட்டியது அழுத்த முறை. வளிமண்டலத்தைப் போல ஐம்பதாயிரம் மடங்குக்கும் மேலான அழுத்தம், 1,400 டிகிரியைத் தாண்டிய சூடு. இதில் ஒரு வேடிக்கை உண்டு. அங்கே கார்பனைக் கரைத்து வைரமாகப் படியவைக்கும் சமையல்காரர் வேறு யாருமல்ல, உருகிய இரும்பு, நிக்கல், கோபால்ட் வகையறாதான். அந்த அழுத்தத்தில் வைரமே நிலையான வடிவம் என்பதால், கரைந்த கார்பன் வைரமாக வெளியே வருகிறது. அழுத்தத்தை எடுத்துவிட்டால் கிராஃபைட்தான் நிலையான வடிவம், அப்போது அதே இரும்பு அதே சுறுசுறுப்போடு வைரத்தைக் கிராஃபைட்டாக மாற்றிக் கொடுக்கும். இரும்பு யாருக்கும் விசுவாசி இல்லை.

பூச்சுக்கு அழுத்த முறை உதவாது. அதற்கு வாயு முறை. 1980-களின் தொடக்கத்தில் ஜப்பானியர்கள் இதை எல்லோரும் செய்யக்கூடிய வழியாக ஆக்கினார்கள். ஒரு வெற்றிடக் கலத்துக்குள் ஹைட்ரஜன் 99 பங்கு, மீத்தேன் ஒரு பங்கு. சாண எரிவாயு அடுப்பில் எரிகிறதே, அதே மீத்தேன். கலத்துக்குள் அழுத்தம் வெளிக்காற்றில் ஏறக்குறைய இருபதில் ஒரு பங்கு. உள்ளே ஒரு டங்ஸ்டன் கம்பியை 2,000 டிகிரிக்கு மேல் சூடேற்றுவார்கள், அல்லது மைக்ரோவேவ் கொடுத்து வாயுவைப் பிளாஸ்மாவாக ஒளிரச் செய்வார்கள். சமையலறை மைக்ரோவேவ் ஓடும் அதே 2.45 கிகாஹெர்ட்ஸ்தான் பெரும்பாலும். அந்த வெம்மையில் மீத்தேன் உடைந்து கார்பன் துணுக்குகள் வரும், ஹைட்ரஜன் மூலக்கூறு உடைந்து தனி அணுக்கள் வரும். பூச வேண்டிய பொருளை 700 முதல் 900 டிகிரி வரை சூட்டில் கீழே வைத்திருப்பார்கள்.

கீழே விழும் கார்பனில் கொஞ்சம் வைரமாகவும் கொஞ்சம் கிராஃபைட்டாகவும் படியும். ஹைட்ரஜன் அணு இரண்டையும் அரிக்கும். ஆனால் கிராஃபைட்டைப் பல மடங்கு வேகமாக அரிக்கும். மிஞ்சுவது வைரம். நெல்லோடு களையும் முளைத்து, ஆள் வைத்துக் களையை மட்டும் இடைவிடாமல் பிடுங்கிக்கொண்டே இருப்பது போல. மணிக்கு ஒரு மைக்ரான் அளவில் மெதுவாக ஏறும். தலைமுடியின் தடிமன் எழுபது மைக்ரான் என்று வைத்துக்கொண்டால் வேகம் புரியும்.

இன்னொரு விஷயம். வழவழப்பான பரப்பில் வைரம் தானாக முளைக்காது. முதலில் நுண்ணிய வைரப் பொடி கலந்த திரவத்தில் பொருளை மூழ்கடித்து, மீயொலியால் குலுக்கி, விதைகளை ஒட்டவைப்பார்கள். பாலுக்கு உறை ஊற்றுகிற மாதிரிதான். உறை விழாத இடத்தில் தயிர் இல்லை.

ஸ்டீலை உள்ளே வைத்தால்

மேலே சொன்ன கலத்துக்குள் ஒரு சிலிக்கான் தகட்டை வைத்தால் அழகாக வைரம் வளரும். ஸ்டீலை வைத்தால் கரிதான் கிடைக்கும். மூன்று தொல்லைகள், மூன்றும் ஒரே நேரத்தில்.

முதலாவது பசி. சாதாரணச் சூட்டில் இரும்பு கார்பனை அதிகம் கரைத்துக்கொள்ளாது. 100 கிராம் இரும்பில் கார்பன் 0.02 கிராம் கரைந்தாலே அதிகம். ஆனால் 727 டிகிரியைத் தாண்டும்போது இரும்பின் படிக அடுக்கு மாறிவிடுகிறது. கடினப்படுத்தும் உலையில் வேலை செய்தவர்களுக்கு இது ஆஸ்டனைட் என்று தெரியும். அந்த அடுக்கில் இடம் அதிகம். 100 கிராமுக்கு முக்கால் கிராம், சூடு ஏற ஏற ஒரு கிராம், 1,147 டிகிரியில் இரண்டு கிராமுக்கும் மேல். வைரம் வளர்க்க வேண்டிய சூடு எது? அதே 700 முதல் 900. பந்தி போட்ட நேரம் பார்த்துப் பசி எடுக்கிறது. விழுகிற கார்பன் பரப்பில் நிற்காமல் உள்ளே போய்க்கொண்டே இருக்கும். பாலக்கோடு பக்கம் கோடை முடிந்து முதல் மழை பெய்வதைப் பார்த்திருப்பீர்கள். அரை மணி நேரம் கொட்டினாலும் ஏரிக்கு ஒரு சொட்டு வராது, நிலமே குடித்துவிடும். நிலம் நனைந்தபிறகுதான் ஓடை ஓடும். ஸ்டீலிலும் அப்படி, மேல்பரப்பு கார்பனால் நிறையும்வரை வைரம் வளரத் தொடங்காது. அதற்குள் ஒட்டவைத்த விதைகளையே இரும்பு தின்றுவிடும்.

இரண்டாவது, நிறைந்தபிறகும் இரும்பு சும்மா இருக்காது. கார்பன் வாயுக்களை உடைத்துக் கிராஃபைட்டாக அடுக்குவதில் இரும்பு கைதேர்ந்தது. கார்பன் நானோகுழாய் தயாரிப்பவர்கள் இரும்புத் துகளைத் தூவுவதே இந்தக் குணத்துக்காக. நமக்கு இங்கே அது வினை. வைரத்துக்கும் ஸ்டீலுக்கும் நடுவே கரிப்பொடி ஒரு அடுக்காகப் படியும். அதற்கு மேல் எவ்வளவு நல்ல வைரம் வளர்ந்தாலும் நகத்தால் தட்டினால் பெயரும். சுண்ணாம்புப் பொடி உதிரும் சுவரில் புது பெயின்ட் அடித்த கதை.

மூன்றாவதுதான் எனக்குப் பார்க்கப் பிடித்தது, ஏனென்றால் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். சூட்டில் எல்லாம் விரியும், ஆறினால் சுருங்கும். ஸ்டீல் நிறையச் சுருங்கும், வைரம் சுருங்கவே யோசிக்கும். அறைச்சூட்டில் ஒரு டிகிரிக்கு ஸ்டீல் பத்து லட்சத்தில் 12 பங்கு விரியும், வைரம் 1 பங்கு. சூடு ஏறினால் இரண்டுமே கொஞ்சம் கூடும். 800 டிகிரியிலிருந்து அறைச்சூட்டுக்கு ஆறும் 10 சென்டிமீட்டர் ஸ்டீல் பட்டை ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர் குறையும். அதே நீள வைரம் கால் மில்லிமீட்டர்தான் குறையும். மீதி முக்கால் மில்லிமீட்டருக்கு வைரம் எங்கே போகும்? கீழே உள்ள ஸ்டீல் விடாது, இழுத்துக்கொண்டே சுருங்கும். வைரம் நெரிபடும். அந்த நெரிசல் பல கிகாபாஸ்கல். ஒரு கிகாபாஸ்கல் என்பதே சதுர சென்டிமீட்டருக்குப் பத்தாயிரம் கிலோ. ஒட்டு கொஞ்சம் பலவீனமானாலும் பூச்சு கொப்புளித்து, செதில் செதிலாகத் தெறிக்கும். கலத்தைத் திறக்கும்போது நன்றாக இருந்த பூச்சு, கையில் எடுத்துப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே உரிந்து விழுவதும் உண்டு. பூச்சு தடிக்கத் தடிக்க உள்ளே சேரும் நெருக்கடியும் கூடும், அதனால் இரட்டிப்பாகப் பூசினால் இரட்டிப்பாக உழைக்கும் என்ற கணக்கு இங்கே செல்லாது.

கோழிவலை

இதைப் பையனிடம் விளக்கிக்கொண்டிருந்தபோது அவனே இடையில் புகுந்தான். "கான்கிரீட் தூணும் செங்கல் சுவரும் சேர்ற இடத்துல சும்மா பூசினா வெடிப்பு விடும்ணா. அப்பா அங்க கோழிவலை அடிச்சு அப்புறம்தான் பூசுவாரு. தூண் வழுவழுன்னு இருந்தா கொத்தி விட்டுருவாரு."

இரண்டு மணி நேரம் படம் போட்டு நான் சொல்ல நினைத்ததை அவன் இரண்டு வரியில் முடித்துவிட்டான். இடைப்பூச்சு என்பது அதுதான். ஸ்டீலுக்கும் வைரத்துக்கும் நடுவில் சில மைக்ரான் தடிமனில் வேறொரு பொருள். அதற்கு இருக்கும் வேலைகள்: கார்பன் கீழே போகாமலும் இரும்பு மேலே வராமலும் தடுக்க வேண்டும். கீழே ஸ்டீலையும் மேலே வைரத்தையும் ஒருசேர இறுக்கிப் பிடிக்க வேண்டும். ஆறும்போது வரும் நெருக்கடியில் கிழியாமல் நிற்க வேண்டும். இந்த மூன்றையும் ஒன்றாகச் செய்யும் பொருள் எதுவும் எளிதில் அமையவில்லை என்பதுதான் பல பத்தாண்டு ஆராய்ச்சிக்குக் காரணம்.

வைரம் ஒட்ட விரும்புவது கார்பைடு (கார்பனோடு சேர்ந்த கெட்டியான பொருள்) உருவாக்கும் தனிமங்கள் மேல்: குரோமியம், டைட்டானியம், டங்ஸ்டன், மாலிப்டினம், வனேடியம், சிலிக்கான். இவை வரும் கார்பனோடு சேர்ந்து மேல்பரப்பில் மெல்லிய கார்பைடு தோலாக மாறும். அந்தத் தோலைப் பிடித்துக்கொண்டு வைரம் முளைக்கும். இரும்பைப் போல உள்ளே உள்ளே விழுங்கிக்கொண்டே போகாமல், தோல் உருவானதும் வேகம் அடங்கிவிடும். விரியும் அளவிலும் இவை வைரத்துக்கும் ஸ்டீலுக்கும் நடுவே நிற்பவை. அதே பத்து லட்சக் கணக்கில் சிலிக்கான் 2.6, டங்ஸ்டன் 4.5, மாலிப்டினம் 5 பக்கம், டைட்டானியம் 8.6.

இதில் அதிகம் பேசப்படுவது குரோமியம் நைட்ரைடு. தகட்டை வெட்டி வடிவம் கொடுக்கும் டை, பஞ்ச் செய்கிற எங்கள் பக்கத்து வேலைக்காரர்களுக்கு இது புதிதில்லை, வெள்ளி நிறத்தில் வெற்றிடக் கலத்தில் ஏற்றித் தருவார்களே, அதே பூச்சு. கார்பனையும் இரும்பையும் பிரித்து வைப்பதில் கெட்டிக்காரன். இன்னொரு நல்ல குணமும் உண்டு. வைரம் வளர்க்கும் கலத்துக்குள் போனதும் அதன் மேல்தோலில் உள்ள நைட்ரஜன் வெளியேறி, அந்த இடத்தில் கார்பன் வந்து குரோமியம் கார்பைடாகிறது. அதாவது அடியில் தடுப்புச் சுவர், மேலே ஒட்டும் பசை, இரண்டும் ஒரே பூச்சிலிருந்து. டைட்டானியம் நைட்ரைடும் (தங்க நிற டிரில் பிட் பார்த்திருப்பீர்கள்) தடுப்புச் சுவராக நன்றாகத்தான் நிற்கும், ஆனால் வைரம் அதை இவ்வளவு விருப்பமாகப் பிடிப்பதில்லை.

இன்னொரு வழி, மேலே எதையும் பூசாமல் ஸ்டீலின் தோலையே மாற்றிவிடுவது. போரைடிங் அப்படி. போரான் கலந்த பொடிக்குள் ஸ்டீலைப் புதைத்து உலையில் வைத்தால், போரான் உள்ளே இறங்கி இரும்பு போரைடாக மாறும். கார்பன் குறைந்த ஸ்டீலில் இந்தத் தோல் உள்ளே இறங்கும் விதத்தை வெட்டி மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் ரம்பப் பல் மாதிரி இருக்கும். தட்டையாக ஒட்டிய பூச்சு இல்லை, வேர் விட்டது. கொத்தனார் தூணைக் கொத்தி விடுவதற்கு இதைவிடப் பொருத்தமான உதாரணம் கிடைக்காது. வனேடியம் கார்பைடும் இதே ஜாதி. உருகிய வெண்காரக் குளியலில் வனேடியம் கலந்து ஸ்டீலை முக்கி வைத்தால், ஸ்டீலுக்குள் இருக்கும் கார்பனே வெளியே வந்து வனேடியத்தோடு சேர்ந்து தோலாகும். பசிக்காரனிடமிருந்தே சோற்றை வாங்கிச் சமைக்கும் தந்திரம்.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும், பல விளக்கங்களில் தப்பாகவே வருகிறது. "இடைப்பூச்சின் விரிவு நடுவில் இருப்பதால் சுருக்க வித்தியாசத்தைப் பங்கு போட்டுக் குறைத்துவிடும்" என்பார்கள். பாதி உண்மை. யோசித்துப் பாருங்கள், கீழே ஸ்டீல் சில மில்லிமீட்டர் தடிமன், நடுவில் இருப்பது சில மைக்ரான். யார் சொல்படி யார் சுருங்குவார்கள்? எல்லாம் ஸ்டீல் சொல்படிதான். இடைப்பூச்சு வைத்தாலும் வைரம் மொத்தத்தில் நெரிபடும் அளவு பெரிதாகக் குறையாது. கோழிவலை அடித்ததால் செங்கல்லும் கான்கிரீட்டும் ஒரே மாதிரி விரியத் தொடங்கிவிடுவதில்லை, விரிந்தாலும் பூச்சு பிளந்து விழாமல் வலை பிடித்துக்கொள்கிறது. இடைப்பூச்சும் முக்கியமாக அதைத்தான் செய்கிறது. ஒட்டு பலமாக இருக்கும். எல்லையில் நெருக்கடி ஒரே கோட்டில் குவியாது. உள்ளே கொஞ்சம் மெத்தென்ற உலோகம் இருந்தால் அது வளைந்து கொடுக்கும், மேடுபள்ளம் இருந்தால் ஓடும் விரிசல் தடுக்கி நிற்கும். நெருக்கடியை உண்மையாகவே குறைக்க வேண்டுமென்றால் ஒரே வழி, வளர்க்கும் சூட்டைக் குறைப்பது. 500, 600 டிகிரியில் வளர்த்தால் நெரிசல் குறையும், பசியும் குறையும். வளரும் வேகமும் அதோடு சேர்ந்து படுத்துவிடும்.

சூடு குறைவதில் ஷாப்காரனுக்கு இன்னொரு லாபம் உண்டு, ஆய்வுக்கூடத்துக்காரர்கள் அதை லேசாகத் தாண்டிப் போவார்கள். டிரில் பிட் செய்யும் ஹைஸ்பீட் ஸ்டீலைக் கடினப்படுத்தியபின் 550 டிகிரி பக்கம் மறுபடி சூடேற்றி டெம்பர் செய்கிறோம். அதை 800-இல் பல மணி நேரம் வைத்திருந்தால், பாடுபட்டு ஏற்றிய கடினம் இறங்கிப் போகும். மேலே வைரம், கீழே மெத்தென்ற இரும்பு. சேற்றின் மேல் கண்ணாடி விரித்த மாதிரி, மிதித்தால் நொறுங்கும்.

நின்றதா, நிற்கவில்லையா?

பூசியது வைரமா கரியா என்று எப்படித் தெரியும்? இதற்கு ஒரு தமிழர் கண்டுபிடித்த வழிதான் உலகமெங்கும். திருச்சி பக்கம் பிறந்த சி.வி. ராமன் 1928-இல் கண்டது, ஒரு பொருளின் மேல் பட்டுச் சிதறும் ஒளியில் கொஞ்சம் நிறம் மாறி வரும், அந்த மாற்றம் அந்தப் பொருளின் கைரேகை. வைரத்தின் கைரேகை 1332 என்ற எண்ணில் ஒரே ஒரு கூரான கோடு. கிராஃபைட்டுக்கு 1580 பக்கம். ராமன் பிற்காலத்தில் வைரக் கற்களைச் சேர்த்து வைத்து வருடக்கணக்கில் ஆராய்ந்தவர். ஸ்டீல் மேல் வளர்த்த வைரத்தில் அந்தக் கோடு 1332-இல் நிற்காது, நெரிசலுக்கு ஏற்ப மேலே நகர்ந்திருக்கும். எவ்வளவு நகர்ந்தது என்பதை வைத்து எவ்வளவு நெரிகிறது என்று சொல்லிவிடலாம். உடைக்காமல், தொடாமல்.

ஒட்டு எப்படி என்று பார்க்க நம் கையில் இருக்கும் மெஷினே போதும். ராக்வெல் கடினமானி, சி அளவு, 120 டிகிரி வைரக் கூம்பு, 150 கிலோ பளு. பூச்சின் மேல் ஒரு குத்து. குழியைச் சுற்றி மெல்லிய முடி விரிசல் மட்டும் இருந்தால் தேறும். வட்டமாகச் செதில் உரிந்து கீழே ஸ்டீல் தெரிந்தால் போச்சு. இடைப்பூச்சு இல்லாத துண்டுகளில் இந்தக் குத்து வரைக்கும் போக வேண்டிய தேவையே பெரும்பாலும் வராது.

இவ்வளவு தலைவலிக்கு ஸ்டீலை விட்டுவிட்டு வேறு எதிலாவது பூசினால் என்ன என்று கேட்கலாம். அப்படித்தான் செய்கிறார்கள். டூல் கடையில் இன்று கிடைக்கும் உண்மையான வாயு முறை வைரப் பூச்சு டிரில், எண்ட் மில் எல்லாம் டங்ஸ்டன் கார்பைடு மேல் வளர்த்தவை. அதிலும் முழு நிம்மதி கிடையாது. கார்பைடு துகள்களைச் சேர்த்துப் பிடித்திருக்கும் கோபால்ட், இரும்பின் பங்காளி, அதே கெட்ட பழக்கம் அதற்கும் உண்டு. அதனால் பூசும் முன் அமிலத்தில் போட்டு மேல்தோலில் உள்ள கோபால்ட்டை அரித்து எடுத்துவிடுவார்கள். ஸ்டீலில் அப்படி இரும்பை அரித்து எடுக்க முடியுமா? எடுத்தால் மிஞ்சுவது என்ன? ஆனால் கார்பைடு விலை அதிகம், கீழே விழுந்தால் உடையும், நினைத்த வடிவத்துக்குக் கொண்டுவருவது கஷ்டம். பேரிங், பம்ப் சீல், பெரிய டை இவற்றையெல்லாம் கார்பைடில் செய்ய யாருக்கும் கட்டுப்படியாகாது. ஸ்டீல் மேல் ஆசை விடாததற்கு அதுதான் காரணம். என் கணிப்பு, ஸ்டீல் மேல் வைரம் இன்னும் பெரும்பாலும் ஆய்வுக்கூடச் சரக்குதான்.

அப்படியானால் சந்தையில் 'வைரப் பூச்சு' என்று ஸ்டீல் சாமான் மேல் போட்டிருப்பதெல்லாம் என்ன? ஒன்று, நிக்கல் முலாம் பூசும்போது வைரத் துகள்களைத் தூவி முலாமுக்குள் புதைத்துவிடுவது. அரம், கத்தி தீட்டும் தகடு, பல் மருத்துவரின் துளையிடும் முனை எல்லாம் இது. வைரம் உண்மை, வளர்த்தது இல்லை, பதித்தது. இன்னொன்று டிஎல்சி என்று சொல்லப்படும் வைரம் போன்ற கார்பன். கருப்பாக, வழவழப்பாக இருக்கும், 200 டிகிரிக்குக் கீழேயே பூசிவிடலாம், இன்ஜின் பாகங்களில் வருகிறது. நல்ல பூச்சுதான், ஆனால் வைரம் இல்லை. சில வருடங்களுக்கு முன் ஒரு கோட்டிங் கடைக்காரர் எங்கள் பஞ்ச் கருவிகளுக்கு "அசல் வைரப் பூச்சு" என்று டிஎல்சி போட்டு, அதற்கு வைர விலையே வாங்கிவிட்டார். இடைப்பூச்சு என்ன கொடுத்தீர்கள், எந்தச் சூட்டில் ஏற்றினீர்கள் என்று அன்றைக்கு இரண்டு கேள்வி கேட்டிருந்தால் பிடிபட்டிருப்பார். டிஎல்சிக்கும் அடியில் குரோமியமோ டைட்டானியமோ கொடுப்பது வழக்கம் என்பதால் முதல் கேள்வியில் தப்பித்திருப்பார், ஆனால் அடுத்த கேள்விக்கு 180 டிகிரி என்று பதில் வந்திருக்கும்.

பர்கூர் சாலையில் கிரானைட் பட்டறைகளைக் கடந்து போகும்போது கேட்கும் அந்தக் கீச்சுச் சத்தமும் வைரத்தினுடையதுதான். ரம்பத் தட்டு ஸ்டீல், அதன் விளிம்பில் பற்றவைத்த துண்டுகளில் உலோகப் பொடியோடு கலந்து இறுக்கிய வைரத் துகள்கள். அங்கேயும் வைரத் துகள் உலோகத்தில் சரியாகப் பிடிக்காமல் உதிர்வது பெரிய பிரச்சினை. அதற்கு ஒரு வைத்தியம், துகள் ஒவ்வொன்றுக்கும் முன்கூட்டியே டைட்டானியமோ குரோமியமோ பூசிவிடுவது. ஸ்டீலுக்குச் சட்டை போடுவதற்குப் பதில் வைரத்துக்குச் சட்டை. ஆள்தான் மாறியிருக்கிறார், தரகர் அதே தரகர்.

கல்லில் இரும்புப் பசி கிடையாது, தண்ணீர் விட்டுக்கொண்டே அறுத்தால் சூடும் ஏறாது. அதனால் கிரானைட்டில் வைரம் ராஜா.

பையன் அந்த டிரில் பிட்டைத் தூக்கிப் போடவில்லை. கருத்த முனையை ஒரு கல்லில் தேய்த்துப் புதுத் துகள் வெளியே தெரியவைத்தான். தை மாதம் ஊருக்குப் போனபோது, அப்பா கட்டிக்கொண்டிருந்த வீட்டில் சமையல் மேடைக் கருங்கல்லில் குழாய்க்கு ஓட்டை போட வேண்டியிருந்தது. சுற்றி களிமண்ணால் வரப்பு கட்டி, உள்ளே தண்ணீர் ஊற்றி, மெதுவாக ஓட்டியிருக்கிறான். பத்து நிமிடத்தில் வட்டமாக ஒரு துண்டு கழன்று வந்ததாம். அந்தத் துண்டை எனக்குக் கொண்டுவந்து கொடுத்தான், இப்போது என் மேஜையில் பேப்பர் பறக்காமல் வைக்க உதவுகிறது.